மகளிர் கிரிக்கெட்: இந்தியாவும் தென்தமிழகமும்

இந்தியாவில் மகளிர் கிரிக்கெட்டின் வேகத்தைத் தீர்மானித்தது திறமை அல்ல. அதற்குக் கிடைத்த அமைப்பு பலம். மகளிர் உலகக் கோப்பை ஆடவர் கோப்பைக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1973-இல் தொடங்கியது. அதே ஆண்டு இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் உருவானது. 1976-இல் மேற்கிந்தியத் தீவுகளுடன் பெங்களூரில் இந்திய மகளிரின் முதல் டெஸ்ட் நடந்தது. அத்தொடரில் ஆடிய தமிழ்நாட்டின் சுதா ஷா 21 டெஸ்ட் கண்டவர். 2005-இல் இந்தியா முதன்முறை உலகக் கோப்பை இறுதியை எட்டியபோது அவரே பயிற்சியாளர். சென்னையின் திருஷ் காமினி 2013-இல் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண்ணானார். மறு ஆண்டு மைசூர் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 ஓட்டங்கள் குவித்தார். ஆக, திறமைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

பார்க்க ஆளில்லாததால்தான் பணம் வரவில்லை என்பது பழைய வாதம். ஆனால் ஒளிபரப்பாத ஆட்டத்தை எவர் பார்ப்பார்? எல்லா ஆட்டங்களும் நேரலையாகக் கிடைத்த 2017 உலகக் கோப்பைக்குப் பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. 2006-இல் மகளிர் கிரிக்கெட்டின் பொறுப்பை ஏற்ற இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2022-இல் சம ஆட்டக் கட்டணம் அறிவித்தது. 2023-இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடி ரூபாய்க்குப் போனது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் உலகக் கோப்பையும் கைக்கு வந்தது.

லீக் கொண்டுவந்த இப்பணம் பெருநகரங்களோடு நின்றுவிடும் என்ற ஐயம் நியாயமானதே. மதுரை வீராங்கனை கமலினி 2024-இல் நடந்த லீக் ஏலத்தில் 1.60 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்; ஆனால் அவரும் பயிற்சிக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. தென்தமிழகத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சிறுமிகளுக்கு ஊரிலேயே வலைப்பயிற்சியும் பயிற்சியாளரும் கிடைப்பதே இந்த வளர்ச்சியின் அடுத்த உண்மையான அளவுகோல்.