உடப்புசல்லாவைச் சிறுபாதை: ஒரு சரக்குப் புகையிரதத்தின் பிறப்பும் மறைவும்

ஒரு நாட்டின் புகையிரதப் பாதைகளைத் தேசப்படத்திலே நோக்குவோர், அவை ஊர்களை இணைத்து மக்களைக் கொண்டுசெல்வதற்காக இடப்பட்டவை என்றே முதலிற் கருதுவர். ஆயின் வரலாறு கூறுவது வேறு. 1825ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்கிலே திறக்கப்பட்ட ஸ்ரொக்டன் - டார்லிங்டன் பாதை, சுரங்க நிலக்கரியை ஆற்றுத்துறைக்குக் கொண்டு செல்லும் பொருட்டே அமைக்கப்பட்டது. 1855 பெப்ரவரியில் ஹௌராவிலிருந்து இராணிகஞ்சு வரை திறக்கப்பட்ட பாதைக்கும் வங்காளத்து நிலக்கரியே உந்துகோலாயிற்று. அதற்கு முன்னர் அந்நிலக்கரி, தாமோதர் ஆற்றிலே நீர் பெருகும் மாதங்களில் மட்டுமே படகேறிக் கல்கத்தாவை அடைந்தது. இரண்டிடத்தும் பாதை சரக்கைத் தேடிச் சென்றது; மக்கள் பின்னரே அதில் ஏறிக்கொண்டனர்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கங்கள் இல்லை. நிலக்கரி நாடுகளில் அக்கரி வகித்த இடத்தை இங்கு முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் வகித்தன. அத்தகைய சரக்குப் பாதைகளுள் மிகச் சிறியதும் இன்று முற்றாக மறைந்துவிட்டதுமான உடப்புசல்லாவைப் பாதையின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றைச் சேர்ந்தவனுக்கு மலைநாட்டுப் பாதையில் என்ன அக்கறை எனச் சிலர் வினவக்கூடும். எமது ஊரை ஊடறுத்துச் செல்லும் செங்கலடி - பதுளை வீதி, மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக ஏறி நுவரெலியாவை அடைந்து, பேராதனையிலே முடிவடைகின்றது. வயலோரத்து வீதியும் தேயிலை மலையின் வீதியும் ஒரே வீதியே. அவ்வீதியின் மேற்கோடியிலே ஒரு புகையிரதம் ஏன் மறைந்தது என்பதற்கான விடை, கீழ்க்கோடியில் வாழும் எமக்கும் பயன்படக்கூடியதாகும்.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை திறக்கப்பட்டு, 1867இல் கண்டியை அடைந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு விரைவாக இறக்கவேண்டும் என்ற தோட்டத்துரைமாரின் நெடுநாள் வேண்டுகோளின் விளைவே அது. அதே காலத்தில் அக்கோப்பியைப் பறிப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். தலைமன்னாருக்குப் புகையிரதம் சென்றது 1914இலேதான். விளைபொருளுக்குத் தண்டவாளம் கிடைத்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதனை விளைவித்தோர் வந்திறங்கிய கரைக்குத் தண்டவாளம் கிடைத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, அடுத்த இரு தசாப்தங்களில் மலைநாட்டை மூடியது. தேயிலை மேலேற, அதனைப் பின்தொடர்ந்து பாதையும் மேலேறியது. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அது எட்டியது. எனினும் நுவரெலியாவுக்கு அப்பால், கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் பிரதான பாதையிலிருந்து விலகியே கிடந்தன. அங்கு உற்பத்தியான தேயிலை மாட்டுவண்டிகளை நம்பியிருந்தது.

இக்குறையை நீக்கவே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஏறத்தாழ 19 மைல் நீளமான கிளைப்பாதை இடப்பட்டது. 1903 டிசெம்பரில் நுவரெலியா வரையும், 1904இல் இராகலை வரையும் அது திறந்துவைக்கப்பட்டது. பிரதான பாதையின் தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். இதன் இடைவெளியோ 2 அடி 6 அங்குலம். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளிற் கூரிய வளைவுகளோடு பாதை அமைக்கவேண்டியிருந்தமையால், குறைந்த செலவில் அமைக்கத்தக்க ஒடுங்கிய பாதையே பொருத்தமெனக் கொள்ளப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசியும் உரமும் தொழிற்சாலைப் பொறிகளும் ஏறின. நிலக்கரி விளையாத நாட்டிலே, கடல்கடந்து வந்த நிலக்கரியை எரித்துக் கடல்கடந்து செல்லவேண்டிய தேயிலை இறக்கப்பட்டது.

பாதையின் மலிவே அதன் பலவீனமுமாயிற்று. சிறுவண்டியில் வந்த பெட்டிகள் நானுஓயாவில் இறக்கப்பட்டு, மீண்டும் பெருவண்டியில் ஏற்றப்படவேண்டும். தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு ஒருமுறை, சிறுவண்டிக்கு ஒருமுறை, பெருவண்டிக்கு ஒருமுறை எனச் சரக்கு கைமாறிக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு மாற்றமும் கூலியையும் காலத்தையும் விழுங்கியது. மாட்டுவண்டி ஒன்றே போட்டியாக இருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. 1920களின் பின்னர் லொறி வந்தது. அது தொழிற்சாலையின் வாசலிலேயே பெட்டியை ஏற்றி, வேண்டிய இடத்திலே இறக்கியது. பாதையைப் பேணும் செலவு புகையிரதப் பகுதியின் கணக்கிலே சேர்ந்தது. வீதியைப் பேணும் செலவோ லொறிக்காரரின் கணக்கிற் சேரவில்லை. சமமற்ற இப்போட்டியிற் சிறுபாதை தோற்றது. 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதை முற்றாக மூடப்பட்டது.

இலாபமற்ற பாதை மூடப்பட்டது இயல்பே எனக் கூறி இவ்விடயத்தை முடித்துவிடலாம். ஆயினும் வேறு இரு பாதைகளின் வரலாறு அவ்வாறு முடிக்க இடந்தரவில்லை. அதே 2 அடி 6 அங்குல இடைவெளியில் இடப்பட்ட களனிப் பள்ளத்தாக்குப் பாதை, 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் அடைந்தது. அதுவும் இறப்பரையும் தேயிலையையும் நாடிச் சென்ற பாதையே. லொறி அதனையும் தாக்கியது. யட்டியாந்தோட்டைப் பகுதி 1942இல் மறைந்தது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976இல் மூடப்பட்டது. ஆனால் கொழும்பிலிருந்து அவிசாவளை வரையான பகுதி அழியவில்லை. நாள்தோறும் தலைநகருக்கு வேலைக்குச் செல்வோர் அதிற் பயணஞ் செய்தமையால், 1990களில் அது அகலப்பாதையாகவே மாற்றப்பட்டது. நீலகிரியிலும் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் அடைந்த மலைப்பாதை இன்றும் ஓடுகின்றது. உல்லாசப் பயணிகள் அதனைக் காத்தனர். 2005இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. சரக்கு பாதையைப் பிறப்பிக்கும். அதனை நிலைக்கச் செய்வோர் மக்களே என்பது இவற்றாற் புலனாகும்.

அங்ஙனமாயின் கந்தப்பளையிலும் இராகலையிலும் மக்கள் இல்லையா? ஆயிரக்கணக்கானோர் லயங்களில் வாழ்ந்தனர். ஆனால் அவர்கள் பயணிகளாக எண்ணப்பட்டவர்கள் அல்லர். விருப்பப்படி வெளியிடம் சென்றுவரக் கூலியோ ஓய்வோ அவர்களுக்குப் போதியதாக இருக்கவில்லை. பாதை மூடப்பட்ட அதே 1948இலேதான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென நாம் வாதிடவில்லை. ஒன்று கணக்கேட்டின் முடிவு. மற்றையது அரசியலின் முடிவு. எனினும் இரண்டிலும் ஒரே நோக்கு வெளிப்படுகின்றது. தேயிலை எத்தனை இறாத்தல் என்பது எண்ணப்பட்டது. அதனைப் பறித்தவர் எத்தனை பேர் என்பது எண்ணப்படவில்லை.

இனி எமது கீழ்க்கோடிக்கு வருவோம். மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928இல் வந்தது. அப்பாதை கரடியனாற்றைத் தொடவில்லை. வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வாவிக்கரையை அடைகின்றது. எம்மவர் நெல் மூடைகளும் விறகும் செங்கலடி வரை வீதியாலேயே சென்றன. போரின்போது தடைப்பட்ட மட்டக்களப்புச் சேவை 2003இல் மீண்டது. கொலன்னாவையிலிருந்து எரிபொருள் ஏற்றிய தாங்கி வண்டிகள் இப்பாதையால் மட்டக்களப்பை நோக்கி வருவதை, 2024 ஒக்டோபரில் மின்னேரியாவில் அவ்வாறான வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதியபோது நாடே அறிந்தது. எனினும் நாட்டின் சரக்கில் மிகச் சிறுபங்கே இன்று தண்டவாளத்தில் செல்கின்றது. எஞ்சியது வீதியின் சுமை.

வீதிக்கும் விலை உண்டு. 2010 செப்டெம்பர் 17ஆம் நாள் கரடியனாற்றுப் பொலிஸ் நிலைய வளவிலே, வீதி நிர்மாணத்துக்காக வைக்கப்பட்டிருந்த வெடிபொருள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீதி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அவ்வீதியாலேயே நாம் பல்கலைக்கழகத்துக்கு வருகின்றோம். பாதையின் செலவை மட்டும் எழுதி, வீதியின் செலவை எழுதாது விடும் கணக்கு முழுமையான கணக்கன்று என்பதே எமது கருத்து.

உடப்புசல்லாவைப் பாதையை இன்று மீள அமைத்தல் இயலாது. அதற்காக இக்கட்டுரை எழுதப்படவுமில்லை. ஆயின் கிழக்கின் பாதையைப் பற்றி நாளை முடிவெடுக்கப்போவோர் நம்மிடையே இருந்தே தோன்றலாம். அன்று அவர்கள் முன் வைக்கப்படும் ஏட்டில் சரக்கின் நிறை ஒரு நிரலிலே தவறாது இருக்கும். அதனருகே மக்களுக்கும் ஒரு நிரல் உண்டா என்று முதலில் வினவுவார்களாயின், 1948இல் பெயர்க்கப்பட்ட அந்தப் பத்தொன்பது மைல் பாதையும் வீண்போகாது.