கூலிக்காகப் பிறந்த ஆட்டமும் கிளைவ் சல்லிவனும்

ஒரு நாள் கூலியை இழப்பது எத்தகையது என்பதை அறியாதவர்கள் விதிகளை வகுத்தால், அக்கூலியை இழக்கிறவர்கள் என்றேனும் ஒரு நாள் தமக்கெனத் தனிச் சபை கூட்டியே தீருவார்கள் என்பதற்கு ரக்பி லீக் ஆட்டத்தின் சரித்திரமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய ஊதியம் போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுசெய்யக் கழகங்கள் முன்வந்தபோது, விளையாட்டுக்குப் பணம் பெறுவது கனவான்களின் தர்மத்துக்கு விரோதம் என்று ரக்பி யூனியனின் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். 1895 ஆகஸ்டு 29-ஆம் தேதி, ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதிக் கழகங்கள் பிரிந்துபோய் ‘வடக்கு யூனியன்’ என்ற ஸ்தாபனத்தை நிறுவின. 1906-இல் அணிக்குப் பதினைந்து பேர் என்பதைப் பதின்மூன்று பேராகக் குறைத்து, ஆட்டத்துக்கு வேகமும் கூட்டினார்கள். 1922-இல் ‘ரக்பி லீக்’ என்ற பெயர் நிலைத்தது.

பணம் பெற்று வடக்கே போனவனுக்கு யூனியனின் கதவு ஆயுளுக்கும் அடைபட்டது. ஆயினும் வேல்ஸ் தேசத்து இளைஞர் பலர் போனார்கள். அவர்களுள் கார்டிஃப் துறைமுகத்தை அடுத்த பேட்டைகளில் பிறந்த கறுப்பின இளைஞர்களுக்கு மற்றவர்க்கில்லாத ஒரு காரணமும் இருந்தது. எவ்வளவு திறமை படைத்திருந்தாலும், வேல்ஸ் யூனியன் அணியின் சிவப்புச் சட்டை 1980-களுக்கு முன் அவர்களுள் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பில்லி பாஸ்டன் 1953-இல் விகன் நகரத்துக்குப் போய் வழி காட்டினார். அவ்வழியே சென்றவர்தாம் கிளைவ் சல்லிவன்.

1943 ஏப்ரல் 9-ஆம் தேதி கார்டிஃப் நகரின் ஸ்ப்ளாட் பகுதியில் பிறந்த சல்லிவனுக்கு, இளமையில் தசைக்கோளாறு காரணமாகக் கால்களிலும் பாதங்களிலும் தோளிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. இயல்பாக நடப்பதே அரிதென்று வைத்தியர்கள் எண்ணினார்கள். அப்படிப்பட்டவர் பின்னர் இராணுவத்தில் சேர்ந்து, அங்கே ஆடத் தொடங்கி, 1961-இல் ஹல் கழகத்தின் பரீட்சை ஆட்டத்தில் பெயரை வெளியிடாமல் களமிறங்கி, மூன்று முறை பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பதித்தார். மறுநாளே கழகம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. இவ்வாறு பந்தைப் பதிப்பதற்கு அவ்வாட்டத்தில் ‘ட்ரை’ என்று பெயர்.

1972-இல் பிரான்ஸில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்குப் பிரிட்டன் அணியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த விளையாட்டிலும் பிரிட்டனின் தேசிய அணிக்கு ஒரு கறுப்பினத்தவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. இங்கிலாந்தின் கால்பந்து அணி அதே காரியத்தைச் செய்ய 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1972 நவம்பரில் லியோன் நகரத்தில் ஆஸ்திரேலியாவுக்கெதிராக நடந்த இறுதி ஆட்டத்தில், தம் அணியின் பாதியிலேயே பந்தைப் பெற்ற சல்லிவன், மைதானத்தின் ஓரமாகத் துரத்துகிறவர்களையெல்லாம் பின்னே விட்டு, ஏறக்குறைய அதன் முழு நீளத்தையும் ஓடிக் கடந்து ட்ரை பதித்தார். கூடுதல் நேரத்துக்குப் பின்னும் 10-10 என்று சமமாகவே முடிந்தபடியால், முந்திய சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வென்றிருந்த பிரிட்டனுக்குக் கோப்பை உரியதாயிற்று.

ஆனால் அவர் பெருமையை முழுதும் உணர வேண்டுமானால் ஹல் நகரத்தைப் பார்க்க வேண்டும். நகரின் பெயரையே கொண்ட ஆறு அதை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கறுப்பு வெள்ளைச் சட்டையணிந்த ஹல் கழகம், கிழக்கே சிவப்பு வெள்ளை அணிந்த ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். இவ்விரண்டுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பகைமையில், ஒரு கரையின் நாயகன் மறுகரைக்குப் போவது எளிதில் மன்னிக்கப்படும் செயலன்று. சல்லிவனோ, மேற்கில் 250 ட்ரைகள் பதித்தபின் 1974-இல் கிழக்கே சென்று 118 பதித்தார். 1980-இல் வெம்பிளியில் பழைய கழகத்தை வென்று கோப்பை கொண்டுவந்த ரோவர்ஸ் அணியிலும் இருந்தார். இருந்தும் இரு கரையாரும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடினார்கள். இதை அவருடைய ஓட்டத்தின் வேகம் மாத்திரம் சம்பாதித்துக் கொடுத்திருக்க முடியாது. பணிவும் பண்பும் சேர்ந்தே சம்பாதித்தன.

1985 அக்டோபரில், நாற்பத்திரண்டாம் வயதிலேயே, புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹம்பர் பாலத்தின் பக்கமிருந்து நகருக்குள் நுழையும் பெருஞ்சாலைக்கு ஹல் மக்கள் அவர் பெயரைச் சூட்டினார்கள். அன்றாடக் கூலியின் நியாயத்துக்காகப் பிறந்த ஆட்டம், நிறத்தால் ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் தேசத்தின் தலைமையில் நிறுத்தியது. இன்றும் துறைமுகத்தை நோக்கி வேலைக்குப் போகும் லாரிகள் அந்தப் பிள்ளையின் பெயர் தாங்கிய சாலை வழியேதான் விடியற்காலையில் நகருக்குள் நுழைகின்றன.