பதுங்குகுழிகளைப் பாடும் குழு: சபட்டோனின் 'த கிரேட் வோர்'

சுவீடனின் ஃபாலுன் நகரில் 1999 இல் தொடங்கிய இசைக்குழு சபட்டோன். அவர்கள் பாடுவது பெரும்பாலும் போர்களைத்தான். இரண்டாம் உலகப் போர், சுவீடன் அரசர்களின் படையெடுப்புகள் என்று அல்பத்துக்கு அல்பம் களம் மாறும், விடயம் மாறாது. 2019 ஜூலை 19 அன்று வெளியான ஒன்பதாவது அல்பமான 'த கிரேட் வோர்', முதலாம் உலகப் போரை மட்டுமே எடுத்துக்கொண்டது. (வெளியிட்ட யேர்மன் நிறுவனத்தின் பெயர் 'நியூக்ளியர் பிளாஸ்ட்', அதாவது அணுகுண்டு வெடிப்பு. மெற்றல் உலகில் இப்படியான பெயர்களுக்குப் பஞ்சமில்லை.)

பவர் மெற்றல் என்ற இந்த இசைவகை நம்மிடையே அதிகம் கேட்கப்படுவதில்லை. வேகமான ட்ரம், இரட்டைக் கிற்றார், பின்னால் தேவாலயப் பாடகர் குழுவைப் போல எழும் குரல்கள், ஒருமுறை கேட்டாலே கூடப் பாடக்கூடிய பல்லவி. சோகத்தைச் சொன்னாலும் கேட்பவரை எழுப்பி நிறுத்துகிற இசை அது. அதுதான் அதன் பலம். போரைப் பாடும்போது அதுவே சிக்கலுமாகிறது.

அல்பத்தில் பதினொரு பாடல்கள். மொத்தம் நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முதற் பாடல் 1916 இல் முதன்முதலாகக் களமிறங்கிய டாங்கிகளைப் பற்றியது. 'த ரெட் பரன்', எண்பது விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கிடப்பட்ட யேர்மன் விமானி மன்ஃபிரெட் ஃபொன் ரிக்தோஃபனைப் பாடுகிறது. இன்னொன்று, 1915 ஓகஸ்டில் ஒசோவியேட்ஸ் கோட்டையில் நச்சுவாயுவுக்குள் இருந்து எழுந்து வந்து எதிர்த்தாக்குதல் நடத்திய ரஷ்யப் படையினரின் கதை. சாதாரணப் பதிப்போடு 'வரலாற்றுப் பதிப்பு' ஒன்றும் வந்தது. அதில் பாடல்களோடு பின்னணியைச் சொல்லும் குரலும் உண்டு. அதே ஆண்டு, வரலாற்றாளர் இண்டி நைடெலுடன் சேர்ந்து பாடல்களுக்குப் பின்னாலுள்ள சம்பவங்களை விளக்கும் யூடியூப் தொடரையும் தொடங்கினார்கள். பாடப்புத்தகம் செய்யாத வேலையைப் பாட்டு செய்துவிடுவது உண்டு; அதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

யேர்மனியின் விற்பனைப் பட்டியலில் இந்த அல்பம் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் போரில் தோற்று, சுமார் 20 இலட்சம் படையினரை இழந்த நாடு அது. நூறு ஆண்டுகள் கழிந்தால் தோற்றவர்களும் வென்றவர்களும் ஒரே பல்லவியைக் கூடிப் பாடலாம் போலிருக்கிறது. பத்து வருடம், பதினைந்து வருடம் அதற்குப் போதாது என்பது நமக்குத் தெரியும்.

விமர்சகர்கள் பலர் வரவேற்றார்கள். குறை சொன்னவர்களில் ஒரு பகுதியினர், பழைய வாய்பாட்டையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் சின்னக் குறை. கனமான குறை, குழுவை நெடுங்காலமாகத் தொடர்வது: போரைக் கொண்டாட்டமாக்குகிறார்கள் என்பது. நாங்கள் வரலாற்றைச் சொல்கிறோம், பக்கம் சாய்வதில்லை என்பது குழுவின் நிலைப்பாடு. ஊடகக் கற்கையில் எனக்குச் சொல்லித்தந்த முதற் கேள்வி, சட்டகத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பது. அப்படிப் பார்த்தால் பக்கம் சாயாமல் இருப்பது மட்டும் போதாது. இந்தப் பதினொரு பாடல்களில் ஒன்றுகூட, ஊரைவிட்டு ஓடிய ஒரு குடும்பத்தைப் பற்றியதில்லை.

'ஃபீல்ட்ஸ் ஒஃப் வெர்டுன்' பாடலை எடுத்துக்கொள்வோம். அல்பத்தின் மிகச் சிறந்த பாடல் அதுதான் என்பேன். பிரான்ஸின் வெர்டுனில் 1916 பெப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சுமார் 3 இலட்சம் பேர் இறந்தார்கள். பாட்டு அந்தப் படையினரோடு நிற்கிறது. அந்த மண்ணில் இருந்த ஒன்பது கிராமங்கள் ஷெல்லடியில் இல்லாமற்போயின. அவற்றில் ஆறு திரும்பக் கட்டப்படவேயில்லை. ஆனால் பிரான்ஸ் அவற்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. ஃப்ளெரி என்ற கிராமத்தில் இன்று ஒருவரும் குடியில்லை, ஆனால் மேயர் இருக்கிறார். அரச நிர்வாகம் அவரை நியமிக்கிறது. பக்கத்திலுள்ள டூவோமோ நினைவகத்தில், அடையாளம் காணப்படாத குறைந்தது 1,30,000 படையினரின் எலும்புகள், எந்தத் தரப்பு என்று பிரிக்கப்படாமல், ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தக் காடுகளில் வெடிக்காத குண்டுகள் இன்னமும் கிளம்புகின்றன. முகமாலையைக் கடந்து போய்வருகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'எ கோஸ்ட் இன் த ட்ரெஞ்சஸ்' பாடலின் நாயகன் ஃபிரான்சிஸ் பெகமகபோ, கனடாவின் ஒஜிப்வே பூர்வகுடியைச் சேர்ந்த சினைப்பர். 378 பேரைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. மூன்றுமுறை பதக்கம் பெற்றவர். பாட்டு களத்தோடு நின்றுவிடுகிறது. அவர் ஊர் திரும்பியபோது அரசின் பூர்வகுடி அதிகாரியின் கட்டுப்பாட்டுக்குள் வாழவேண்டியிருந்தது. பின்னர் தன் மக்களின் தலைவராகி, உரிமைகளுக்காக அந்த நிர்வாகத்தோடே மல்லுக்கட்டினார். 1952 இல் இறந்தார். அவரது மக்கள் தம் தகுதியை விட்டுக்கொடுக்காமலே கனடாவின் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1960 இல்தான் பெற்றார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பாட்டாகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கடைசிப் பாடலில் கிற்றாரும் இல்லை, ட்ரம்மும் இல்லை. கனடிய மருத்துவர் ஜோன் மக்ரே 1915 இல் எழுதிய 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்' கவிதையைக் குரல்கள் மட்டும் பாடுகின்றன. பலரும் அதைச் சமாதானக் கவிதையாக நினைக்கிறார்கள். ஆனால் அதன் இறுதிப் பகுதி, சண்டையைத் தொடரச் சொல்லி உயிருள்ளவர்களைக் கேட்கிறது. கனடாவில் போர்க்கடன் பத்திரம் விற்கவும் அது பயன்பட்டது. இறந்தவர்களின் குரலில் யார் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழகிய நமக்கு, அல்பத்தின் மிக அமைதியான இடமே மிக உறுத்தலான இடமும்.

அதே போரைப் பற்றிய அடுத்த அல்பம் 'த வோர் டு எண்ட் ஓல் வோர்ஸ்' 2022 மார்ச் 4 அன்று வந்தது. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் முழு அளவில் நுழைந்து எட்டே நாட்கள் ஆகியிருந்தன. அதில் ஒரு பாடல், தம்பிக்குப் பதிலாக ஆண்வேடமிட்டுப் படையில் சேர்ந்த செர்பியப் பெண் மிலுங்கா சாவிச்சைப் பற்றியது. பிரான்ஸின் உயர் விருது உட்படப் பல பதக்கங்கள் பெற்ற அவர், போர் முடிந்தபின் பெல்கிரேடில் ஒரு வங்கியில் துப்புரவுத் தொழிலாளியாக வேலை பார்த்தார்.