அலையும் அலையாத்தியும்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி என்ற சொல்லையே கடலூர்க்காரர்களில் பலர் அன்றுதான் கேட்டோம். சிதம்பரம் பக்கம் பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. அலையாத்திக் காடுதான் காத்தது என்றார்கள்.

அடுத்த ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துப் பேராசிரியர் கதிரேசன், ராஜேந்திரன் என்பவரோடு சேர்ந்து 18 மீனவக் குப்பங்களை ஆராய்ந்து அதையே எழுதினார்.

கணக்குப் போடுவது எளிதல்ல. வந்தது வெறும் தண்ணீரல்ல. மணலும் சேறும் கலந்த ஓட்டம். எதிரே நிற்கும் மரமோ வளையும், நிமிரும், தாங்காவிட்டால் முறியும். மரம் வளைந்தால் நீரின் போக்கும் மாறும். இரண்டையும் ஒருசேரக் கணக்கிட வேண்டும். 100 மீட்டர் அகலத்துக்குக் காடு, 100 சதுர மீட்டருக்கு 30 மரம் இருந்தால், நீரின் அழுத்தம் 90 சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்றது ஒரு கணித மாதிரி.

2006-ல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே 18 ஊர்க் கணக்கை மறுபடி போட்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் மேடும்தான் முக்கியம். அவற்றைக் கழித்தால் காட்டின் பங்கு சொற்பம் என்றார்கள்.

காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீன்குஞ்சும் இறாலும் வளர்வது அங்கேதான். ஆனால் மரம் நட்டாயிற்று என்ற தைரியத்தில் கரையோரமே வீடு கட்டக் கூடாது. குடியிருக்க மேட்டு நிலம் வேண்டும். ஓடிவர நல்ல பாதை வேண்டும்.