ஆங்கிலச் சொற்களின் தமிழ் வேர்கள்

தமிழிலிருந்து நேராகவோ போர்த்துக்கீசியம் போன்ற இடைமொழி வழியாகவோ ஆங்கிலத்தில் புகுந்து, அகராதிகளில் நிலைத்துவிட்ட சொற்கள் பல உள்ளன. கட்டுமரம், சுருட்டு, கறி, மாங்காய், காசு, அணைக்கட்டு, மிளகுத்தண்ணீர், குருந்தம் ஆகியவை அவற்றுள் நன்கு அறியப்பட்டவை. இவற்றின் பிறப்பு, போன வழி, வழியில் மாறிய பொருள் ஆகியவற்றை ஆராய்வது சொற்பிறப்பியலின் ஒரு பகுதி. துறைமுகங்களில் தொடங்கிய இவ்வரலாறு உள்நாட்டு ஊர்களையும் தொடுகிறது. அதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், ஜவளகிரி வட்டாரம் நல்ல சான்று.

வட்டாரப் பின்னணி

ஜவளகிரி, கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டோர ஊர். ஓசூர் வனக்கோட்டத்தின் சரகங்களில் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கியுள்ளது. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் இந்தப் பக்கமாகத்தான் இறங்கிவரும். அவை வரும் பருவத்தில் ராகிக் கொல்லைகளில் இரவுக்காவல் இருக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் இப்பகுதிப் பேச்சில் கலந்து வழங்குகின்றன. வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆங்கிலேயர் இங்கே ஒரு சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டால், அது மூன்றில் எந்த மொழிக்கு உரியது என்று பிரித்தறிவது எளிதாக இருந்திருக்காது.

ஆங்கில ஆட்சி இப்பகுதிக்கு இரண்டு கட்டமாக வந்தது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாரமகால் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. பாரமகாலின் வரிவசூலுக்கு அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார்; அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். உழவரிடமே நேராக வரி தண்டும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில் இங்கேதான் உருப்பெற்றது. ‘ரயத்து’ என்பதன் மூலம் மேய்க்கப்படும் மந்தையைக் குறித்த அரபுச் சொல். மந்தை என்பது குடிமக்கள் என்றாகி, ஆங்கிலத்தில் ‘ரையட்’ ஆனபோது உழவர் என்று சுருங்கியது. ‘கலெக்டர்’ என்றால் தண்டுபவர், திரட்டுபவர். வரி தண்டவே ஏற்பட்ட பதவி என்பதை அந்தப் பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடல்வழிப் போன சொற்கள்

1498இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியர்களே ஆங்கிலேயருக்கு முன் தென்னிந்தியச் சொற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றவர்கள். தமிழின் மாங்காய் மலாய் மொழி வழியாகவோ, மலையாளத்தின் மாங்ஙா நேராகவோ போர்த்துக்கீசிய ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ என்று முடிந்தது. மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரியிலிருந்து ஏற்றுமதியாகும் டப்பாக்களின் மேல் அச்சாகும் அந்த ஆங்கிலப் பெயர், உள்ளே இருக்கும் கனியைப் போலவே தென்னாட்டில் விளைந்தது.

கறி என்னும் சொல் போர்த்துக்கீசியத்தில் ‘கரில்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘கரி’ ஆயிற்று. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலிலேயே இதற்குச் செய்முறை உண்டு. தமிழில் கறி என்பதற்கு மிளகு, காய்கறி, இறைச்சி எனப் பல பொருள்கள். ஆங்கிலத்தில் அது மசாலாக் குழம்பு வகை அனைத்துக்கும் பொதுப்பெயரானது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ என்ற பெயரில் இறைச்சி சேர்த்த சூப்பாக மாறியது.

கட்டுமரத்தின் பொருள்மாற்றம் இன்னும் பெரிது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரிக்கிறார். அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. 1876இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைச் செய்து பந்தயத்தில் ஓட்டினார். இன்று ‘கேட்டமரான்’ என்றால் உலகெங்கும் இரட்டை உடல் படகுதான் நினைவுக்கு வருகிறது. கயிற்றால் கட்டும் வேலை போய்விட்டது. கட்டு என்ற வினை மட்டும் பெயருக்குள் இருக்கிறது.

குருந்தம்: மலையிலிருந்து ஆலைக்கு

தமிழ்ச் சொற்களுள் அறிவியலின் நிலையான கலைச்சொல்லாகிவிட்டது குருந்தம். இது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறவேறுபாடுகளே. வடமொழியில் இதற்கு இணையான சொல் குருவிந்தம். 18ஆம் நூற்றாண்டில் குருந்தம் என்ற சொல் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று பதிவாயிற்று. 1798இல் சார்லஸ் கிரெவில் ஆசியாவின் கொரண்டக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். முன்னாளில் ஓசூரைப் போலவே சேலம் மாவட்டத்தில் இருந்ததும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளதுமான சித்தம்பூண்டியின் பாறைகளில் குருந்தம் கிடைப்பது புவியியலாளர் நன்கறிந்தது.

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் களிமண்ணையும் கரியையும் சேர்த்துச் சூடேற்றியபோது மிகக் கடினமான படிகங்கள் உண்டாயின. அவை கார்பனும் கொரண்டமும் சேர்ந்தவை என்று எண்ணி ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. அதில் குருந்தம் இல்லை. தவறான கணிப்பில் பிறந்த பெயரே வணிகத்தில் நிலைத்துவிட்டது.

ஓசூரின் தொழிற்பேட்டைகளில் வார்ப்புகளையும் உருக்குப் பாகங்களையும் தேய்த்துச் சீராக்கும் சாணைச் சக்கரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பொருள்களால் ஆனவை: ஒன்று செயற்கைக் குருந்தம், மற்றது கார்போரண்டம். ஓசூரில் கடிகாரமும் செய்யப்படுகிறது. கடிகாரத்தில் சக்கர அச்சு சுழலும் ‘ஜுவல்’ எனும் சிறுகல் செயற்கை மாணிக்கம்; விலையுயர்ந்த கடிகாரங்களின் மேல்மூடியாகும் சபையர் கண்ணாடியும் குருந்தமே. சாணை பிடிக்கும் தொழிலாளியின் கைக்குக் குருந்தம் என்ற சொல் இருநூறு ஆண்டுகள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

ஒரே ஒலி, வேறு வேர்

ஒலியொற்றுமை மட்டுமே சொல்லின் பிறப்புக்குச் சான்றாகாது. இதை ‘கேஷ்’ தெளிவாகக் காட்டும். ஆங்கிலத்தில் இந்த ஒலி கொண்ட சொற்கள் இரண்டு. ரொக்கப் பணத்தைக் குறிப்பது, பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. ஆசியாவின் சிறு செப்புக்காசைக் குறிக்கும் மற்றொரு ‘கேஷ்’ தமிழ்க் காசிலிருந்து போர்த்துக்கீசிய ‘கைஷா’ வழியாக வந்தது. சென்னையில் கம்பெனி நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். காசுக்கும் ரொக்கத்துக்கும் உள்ள பொருள் நெருக்கத்தைக் கண்டு இரண்டையும் ஒன்றாக்குவது பிழை.

எட்டு என்பதிலிருந்து ‘எய்ட்’ வந்தது என்று கூறுவதும் இத்தகையதே. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘எயஹ்தா’. லத்தீனின் ‘ஆக்டோ’, வடமொழியின் ‘அஷ்ட’ அதன் உறவுகள். ஒரு சொல்லின் பிறப்பை நிறுவ மூன்று சான்றுகள் வேண்டும்: அதன் பழைய எழுத்துப் பதிவு, அது பயணம் செய்திருக்கக்கூடிய வழி, ஒலி மாறிய முறை. செந்நாயைக் குறிக்கும் ஆங்கில ‘தோல்’ என்பதைக் கன்னடத்தில் ஓநாயைக் குறிக்கும் ‘தோள’ என்பதோடு இணைப்போர் உண்டு. ஆனால் அகராதிகள் அதை ஊகமாகவே குறிக்கின்றன.

காயம் சுமக்கும் சொற்கள்

ஆங்கிலக் ‘கூலி’ என்பதன் மூலம் தமிழின் கூலி என்பது ஒரு கருத்து. குஜராத்தின் கோலி சமூகப் பெயர் என்பது மற்றொன்று. தமிழில் கூலி என்பது வேலைக்கான ஊதியம். ஆங்கிலத்தில் அது வேலை செய்யும் மனிதரைக் குறித்தது. இலங்கை, மலாயா தோட்டங்களிலும் தென்னாப்பிரிக்காவிலும் இழிசொல்லாகவே புழங்கியது. ‘பரையா’ பறையர் என்ற சமூகப் பெயரிலிருந்து பிறந்தது. பறை இசைக்கருவியோடு தொடர்புடைய அந்தப் பெயர், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் இன்றும் பன்னாட்டு அரசியல் செய்திகளில் வருகிறது. ஒரு மக்களின் பெயரை இகழ்ச்சிச் சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்துவதே நேர்மை.

அகராதிகள்

ஃபெப்ரிசியசின் தமிழ் ஆங்கில அகராதி 1779இலும் வின்சுலோவினுடையது 1862இலும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களைத் திரட்டிய ‘ஹாப்சன் ஜாப்சன்’ 1886இல் வந்தது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; நூல் வெளிவருமுன் 1882இல் இறந்தார். ஹென்றி யூல் அதை முடித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்து, 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பு கண்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016இல் ‘ஐயோ’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது.

ஆலை வழி வந்த சொற்கள்

எதிர்த்திசைப் போக்கும் உண்டு. 1970களுக்குப் பின் ஓசூரில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது கம்பெனி, ஷிப்ட், ஃபேக்டரி ஆகியவை சுற்றுக் கிராமங்களின் அன்றாடச் சொற்களாயின. ‘கம்பெனி’ லத்தீனில் ரொட்டியைப் பகிர்ந்துண்போரின் கூட்டம். ‘ஷிப்ட்’ பழைய ஆங்கிலத்தில் பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல். வேலைமுறை என்ற பொருள் பிறகு வந்தது. ஓசூரில் கடிகாரம் செய்யும் டைட்டன் 1984இல் தோன்றியது. அதன் பெயர் டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகிய இரண்டின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தது. கிரேக்கத் தொன்மத்தின் பேருருவங்களுக்கும் அதே பெயர். உலகம் அறிந்த அந்தப் பெயரில் தமிழ்நாடு என்ற சொல்லின் ஒரு துண்டு இருக்கிறது.

தமிழின் பங்கை மெய்ப்பிக்கக் குருந்தமும் கட்டுமரமும் போதும். பொய்யான வேர்கள் தேவையில்லை. ஒரு சொல்லைத் தமிழ் என்று சொல்லுமுன் அதன் பதிவையும் வழியையும் தேடிப் பார்ப்பதே அந்தச் சொல்லுக்கும் தமிழுக்கும் நாம் செய்யும் நன்மை.