இரண்டாம் ஹூக்ளி பாலமும் ஒரு ஜெர்மன் பேராசிரியரும்

கொல்கத்தாத் தமிழர்களாகிய நாம் ஹௌரா போகவும் வரவும் எத்தனை முறை வித்யாசாகர் சேதுவைக் கடந்திருப்போம்! இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 457 மீட்டர். ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் இரும்புக் கேபிள்கள் பாலத்தைத் தாங்கி நிற்கின்றன. இதன் வடிவமைப்பில் முதன்மையானவர் யோர்க் ஷ்லைஷ் என்னும் ஜெர்மன் சிவில் என்ஜினீயரிங் பேராசிரியர்.

1934-ல் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே ஷ்டெட்டன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை லுட்விக் ஷ்லைஷ் ஒரு பாதிரியார்; அங்கே மனவளர்ச்சி குன்றியோருக்கான இல்லத்தை நடத்தியவர். 1940-ல் நாஜி அரசு அந்த இல்லத்தவரைக் கொல்வதற்காக வண்டி வண்டியாகக் கொண்டுபோனபோது, அவர் எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினார். மகனோ பள்ளியில் படிக்கும்போதே தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். பின்னாளில் இந்தப் பாலத்தில் அவர் எடுத்த முடிவைப் பார்த்தால், கைத்தொழில் பழகியவர் என்பது சட்டென்று விளங்கும்.

ஸ்டுட்கார்ட்டிலும் பெர்லினிலும் அமெரிக்காவிலும் படித்துவிட்டு, 1963-ல் புகழ்பெற்ற ஃப்ரிட்ஸ் லியோன்ஹார்ட்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கம்பிவலைக் கூரையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1974-ல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் லியோன்ஹார்ட்டின் இடத்துக்கே பேராசிரியராக வந்தார். 1980-ல் ருடால்ஃப் பெர்கர்மனுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்.

நம்ம பாலத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் மேல்நாடுகளில் இப்படிப்பட்ட பாலமென்றால் இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்து இணைப்பதே வழக்கம். இங்கேயோ வெல்டிங்குக்கு ஏற்ற எஃகு கிடைப்பது கஷ்டம். "அப்படியானால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யுங்கள்" என்று வேறொருவர் சொல்லியிருக்கலாம். ஷ்லைஷ் அப்படிச் செய்யவில்லை. 1943-ல் திறந்த ஹௌரா பாலம் முழுக்க ரிவெட் அடித்துக் கட்டியது. அந்த வேலை இங்குள்ள தொழிலாளிகளின் கைக்குப் பழகியது. ஆகவே புதுப் பாலத்தையும் ரிவெட்டிலேயே வடிவமைத்தார். மேல்தளத்துக்கு இரும்பு உத்தரங்களின்மேல் கான்கிரீட் பலகை போட்டார். பழைய தொழில்நுட்பம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். என்னைக் கேட்டால் இதுதான் அசல் என்ஜினீயரிங்.

வேலைதான் இழுத்தடித்தது! 1972-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979-ல் கட்டுமானம் ஆரம்பித்தது. திறப்பு விழா 1992 அக்டோபர் 10. ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்கே போயிருக்கும்.

வகுப்பறையில் அவருடைய பெயர் நிலைத்தது வேறொரு காரியத்தால். கான்கிரீட்டுக்குள் அழுத்தம் எந்த வழியாகப் போகிறது, இழுவிசை எந்த வழியாகப் போகிறது என்பதைக் கோடுகளாக வரைந்து, கம்பியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் முறையை, 1987-ல் இரு சகாக்களோடு எழுதிய கட்டுரையில் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். இன்று உலகெங்கும் பொறியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஏழை நாடுகளுக்கு மின்சாரம் தர வேண்டும் என்பதும் அவருடைய கனவு. வெயிலில் சூடான காற்று புகைபோக்கி வழியே மேலேறும்போது விசிறியைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது. ஸ்பெயினில் மன்சனாரெஸ் என்ற இடத்தில் சுமார் 195 மீட்டர் உயரத்தில் சோதனைக்குக் கட்டினார். 1982 முதல் ஓடியது, 1989-ல் புயலில் சாய்ந்தது. பெரிய அளவில் அதைக் கட்டிப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 2021-ல் காலமானார்.

பாலத்தில் வண்டியை நிறுத்த விட மாட்டார்கள். அடுத்த தடவை போகும்போது ஜன்னல் வழியாகவே கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வரிசை வரிசையாக ரிவெட் தலைகள் தெரியும்.