பொருந்தாக் கார இணைகளின் வெப்ப நிலைத்தன்மை

டி.என்.ஏ.யின் இரு இழைகளில் அடினைனுக்கு எதிரே தைமினும் குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் நிற்பது முறை. வேறு காரம் எதிர்ப்பட்டால் அது பொருந்தா இணை. அந்த இடத்தில் பிடிப்பு தளர்வதால் இழைகள் குறைந்த சூட்டிலேயே பிரிகின்றன. பாதி மூலக்கூறுகள் பிரிந்துவிடும் வெப்பநிலைக்கு உருகுநிலை என்று பெயர். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வரும் நோயைக் கண்டறிய இந்தத் தளர்வு உதவும்; அப்படிப்பட்ட ஒரு நோய் தமிழ்நாட்டில் நீலகிரியோடு தொடர்புடையது.

1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் பண்பு, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் நோயின் மரபுப் பண்பு, இருப்பதை அறிவித்தனர். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோயென்று பெரிதும் கருதப்பட்டது அது. அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது பதிவானது. இந்நோயில் ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறியிருப்பதை லைனஸ் பாலிங் 1949இலேயே காட்டியிருந்தார். பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருப்பதைப் பின்னர் வெர்னன் இங்கிராம் கண்டறிந்தார். மரபணுவில் இதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து: அடினைன் இருந்த இடத்தில் தைமின்.

அந்த ஓரெழுத்தை வெப்பத்தால் பிரித்தறியலாம் என்பது வேறொரு பாதையில் தெளிவானது. 1962இல் மார்மரும் டோட்டியும் குவானைன்–சைட்டோசின் விகிதம் கூடக்கூட உருகுநிலை சீராக ஏறுவதைக் காட்டினர். ஹைட்ரஜன் பிணைப்புகளே இதற்குக் காரணம் என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மை. அடுத்தடுத்த காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதன் பங்கு அதைவிடப் பெரிது. நீண்ட டி.என்.ஏ.யில் 1 விழுக்காடு பொருந்தாமை உருகுநிலையை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குறைக்கும். சில ஆயிரம் எழுத்துகளில் ஒன்று பிசகினால் தெரியவே தெரியாது; 19 எழுத்தே உள்ள துண்டில் பிசகினால் வேறுபாடு பல டிகிரி.

1979இல் புரூஸ் வாலஸின் குழு செயற்கைக் குறுந்துண்டுகளைக் கொண்டு இதை நிறுவியது. 1983இல் கானர், வாலஸ் முதலியோர் 19 எழுத்துத் துண்டுகளால் அரிவாள் செல் மரபணுவையே அடையாளம் கண்டனர். சரியான சூட்டில் கழுவினால் முழுதாகப் பொருந்தும் துண்டு ஒட்டியிருக்கும், மற்றது கழன்றுவிடும். அவர்களுக்கு இயற்கையும் சற்று உதவியது என்றே சொல்ல வேண்டும். இம்மாற்றத்தில் தோன்றக்கூடிய பொருந்தா இணைகள் அடினைன்–அடினைன், தைமின்–தைமின், இரண்டும் வலுவற்றவை. குவானைன்–தைமின் இணையாக இருந்திருந்தால் பிரித்தறிவது கடினமாகியிருக்கும்; பொருந்தா இணைகளில் அது ஓரளவு உறுதியானது. எந்த இணை, எந்த அண்டைக் காரங்களுக்கு நடுவே எவ்வளவு தளரும் என்பதை 1990களில் சான்டலூசியா குழுவினர் எண்களாக அளந்து தொகுத்தனர்.

கூடலூரிலும் கோத்தகிரியிலும் பழங்குடியினரிடம் நடக்கும் அரிவாள் செல் பரிசோதனைகளுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் கரைதிறன் சோதனை, பிறகு ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனை ஆகியவையே போதும். 2023இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டமும் அந்த வழியையே பின்பற்றுகிறது. கருவிலுள்ள குழந்தைக்கு மட்டும் அது பயன்படாது: அதன் ரத்தத்தில் பெரும்பகுதி பீட்டா சங்கிலி இல்லாத கரு ஹீமோகுளோபின். அங்கே டி.என்.ஏ.யைத்தான் படிக்க வேண்டும்.